நூலகத்தைப் பூட்டிய தேர்தல்

போன வாரம் கடற்கரை நடை முடிந்து இளநீர்க் கடை முன்னால் நின்று நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் வாய் திறக்கவில்லை. கவனித்திருப்பீர்கள். நம் கிளை நூலகத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். தேர்தல் வருகிறது, இப்போது சத்தம் போட்டால்தான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், ஒரு கூட்டம் போடலாம் என்றீர்கள். "நீங்க பேசுங்க மேடம், உங்களுக்குத்தான் நல்லா வரும்" என்று உங்களில் ஒருவர் என்னைக் கைகாட்டினார். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முழங்காலில் ஒன்றும் இல்லை. பயம்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகு மைக்கைப் பார்த்து என்ன பயம் என்று சிரிப்பீர்கள். மைக்கைப் பார்த்து இல்லை. தேர்தல், நூலகம் என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். ஏன் என்று நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. நாங்கள் இதே பெசன்ட் நகரில், ஊரூர் குப்பத்துக்குப் போகிற தெரு ஒன்றில் குடியிருந்தோம். அம்மா சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவர் பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். அம்மாவுக்குப் பள்ளி விட்ட பிறகும் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருக்கும். அந்த நேரம் முழுவதும் என்னை வைத்துக் காப்பாற்றியது எங்கள் தெரு நூலகம்.

நூலகம் மாடியில் இருந்தது. கீழே வாடகை சைக்கிள் கடை. பக்கச் சுவரை ஒட்டி ஆள் ஒருவர் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும். மேலே போனால் நீளமாக ஒரே ஓர் அறை. பாச்சை உருண்டையும் பழைய தாளும் கலந்த வாசனை, அதன் மேல் கடல் காற்றின் பிசுபிசுப்பு, அதற்கும் மேல் குப்பத்தில் காயும் கருவாடு. ஜன்னல் கம்பிகளும் கொக்கிகளும் உப்பில் துருப்பிடித்து, பாதி ஜன்னல்களைத் திறக்கவே முடியாது. நாளிதழ் வந்ததும் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். வலையைக் காயப் போட்டுவிட்டு வந்தவர் விளையாட்டுப் பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை, வங்கித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சமையலை முடித்துவிட்டு வருகிற எதிர்வீட்டு மாமி, ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளி விட்டு வந்த நாங்கள். வேறு எங்கும் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள் அங்கே உட்கார்ந்தார்கள்.

என் இடம் பெஞ்சு இல்லை. கடைசி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு. குழந்தைகள் புத்தகங்கள் அங்கேதான் இருந்தன. பழைய வார இதழ்களைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் போட்டிருப்பார்கள். ஒரு கட்டின் மேல் நான், இன்னொன்றின் மேல் மீன்கார அக்கா.

மீன்கார அக்கா எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் காலிக் கூடையைப் படிக்கட்டின் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு மாடிக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்தால் மீன் வாடைக்கு யாராவது முகம் சுளிப்பார்கள் என்று நேராக என் இடுக்குக்கு வந்துவிடுவார். வார இதழில் வரும் தொடர்கதையை நான் மெல்லிய குரலில் படித்துக் காட்ட வேண்டும். கதாநாயகி அழுதால் "அய, இவ இன்னாத்துக்கு அழுவுறா, ரெண்டு உடாம" என்பார். நூலகர் சார் மேசையிலிருந்து "உஸ்" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

தேர்தல் அறிவித்த வாரம் எங்கள் தெருச் சுவர்கள் எல்லாம் வெள்ளையடித்துப் பளிச்சென்று ஆகின. முதலில் எனக்கு அது பிடித்திருந்தது. அதற்குள் ஒரு சாயங்காலம் நூலகர் சார் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டேன்.

அந்தக் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கட்சியில் எங்கள் வட்டாரத்துக்குப் பெரிய ஆள். நாங்கள் அவரைக் கட்டிடக்காரர் என்றுதான் சொல்வோம். மாடியைத் தேர்தல் பணிமனைக்குக் கேட்கிறார், இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொல்கிறார் என்றார் நூலகர் சார். "தேர்தல் முடியற வரைக்கும்தான் டீச்சர். அப்புறம் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்றார்."

"புத்தகமெல்லாம் எங்க போகும்?"

"மூட்டை கட்டி எங்கயாவது வைக்கணும்."

"மூட்டை கட்டினா அவ்வளவுதான் சார். திரும்பப் பிரிக்கவே மாட்டாங்க."

அம்மா அதிகம் பேசாதவர். ஆனால் கணக்கில் ஒரு வரி தப்பாக இருந்தால் அடுத்த வரிக்குப் போகமாட்டார். அந்த வாரமே ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். குப்பத்தில் மீன்கார அக்கா கூடவே நடந்து பெருவிரல் ரேகைகள் வாங்கித் தந்தார். நூலகத் துறை அலுவலகத்தில் அதைக் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா இத்துடன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தெருமுனைப் பிரசாரத்துக்கு வந்த அந்தக் கட்சி வேட்பாளர் பேசி முடித்ததும், கூட்டத்தின் நடுவிலிருந்து கையைத் தூக்கினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதைப்போல.

"எங்க நூலகத்தைக் காலி பண்ணச் சொல்றாங்களே, அது உங்களுக்குத் தெரியுமா?"

மைக் இல்லாமலேயே அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. வேட்பாளர் திரும்பிக் கட்டிடக்காரரைப் பார்த்தார். கட்டிடக்காரர் அம்மாவைப் பார்த்தார். சிரித்தார். நான் அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். 

மறுநாளிலிருந்து ஒருவன் என் பின்னால் வர ஆரம்பித்தான். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். கட்டம் போட்ட லுங்கி, சட்டைப் பையில் கட்சிக் கொடி நிறத்தில் ஒரு கைக்குட்டை. சைக்கிளை மெல்ல மிதித்துக்கொண்டு, நான் நின்றால் நின்று, நடந்தால் நடந்து வருவான். சங்கிலியில் எண்ணெய் இல்லாமல் அந்த சைக்கிள் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் போடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பக்கத்தில் வந்து கால் ஊன்றினான்.

"இன்னா பாப்பா, டீச்சர் பொண்ணா நீ?"

புத்தகப் பையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

"அம்மாவாண்ட சொல்லு. ஸ்கூலாண்ட போனமா, பாடம் எட்த்தமான்னு இருக்கச் சொல்லு. ரோட்ல வண்டிங்க எப்டி போவுது பாத்தியா? சின்னப் பசங்க நடந்து போற ரோடு இது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பல் வெளேரென்று இருந்தது. நான் ஓடினேன். மூச்சு வாங்க அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"பயமுறுத்திப் பாக்கறாங்க, அவ்வளவுதான். ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றார். பிறகு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. தெரியாத ஆம்பளைங்க யார் கூப்பிட்டாலும் வாயே திறக்காத. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, அம்மா அனுப்பினாங்கன்னு சொன்னாலும் சரி. பதில் சொல்லக் கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். அப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா நினைத்தார். அப்பா பயப்படுவார் என்று. ஆனால் அப்பாவுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "நமக்கு ஒரே பொண்ணு" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்ததை நான் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரியவர்கள் எனக்குக் கேட்கக் கூடாது என்று கிசுகிசுத்த ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. அவர்கள் நேராகச் சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

இனி அந்த நாள்.

சொன்ன இரண்டு வாரம் முடியவில்லை. நான் பள்ளி விட்டு வந்து வழக்கம்போல இடுக்கில் உட்கார்ந்திருந்தேன். மீன்கார அக்கா அன்று வரவில்லை. சைதாப்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார். படிக்கட்டில் தடதடவென்று நிறைய கால்கள் ஏறுகிற சத்தம் கேட்டது. செருப்புக் கால்கள். அந்த மாடியில் செருப்புச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

"இன்னும் நாள் இருக்கே, சொல்லியிருந்தீங்களே" என்றார் நூலகர் சார்.

"நாளெல்லாம் முட்ஞ்சிபோச்சு சார். மூட்டைய அப்பறம் கட்டிக்கலாம், இப்ப எறங்கு."

பெஞ்சுகள் தரையில் கிறீச்சிட்டன. நூலகர் சார், "எல்லாரும் எழுந்திரிங்கப்பா, கீழ போயிடுங்க" என்றார். நானும் எழுந்தேன். புத்தகங்களுக்கு நடுவே இருந்த சந்து வழியாகப் பார்த்தேன். வாசலில், கதவில் கை வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட லுங்கி நின்றது.

வெளியே போக வேண்டுமானால் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். என் கால் நகரவில்லை. திரும்ப உட்கார்ந்து, வார இதழ்க் கட்டுகளுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். எல்லோரும் போன பிறகு நூலகர் சார் எப்படியும் ஒருமுறை உள்ளே சுற்றிப் பார்ப்பார், அப்போது அவரோடு போய்விடலாம் என்று நினைத்தேன். தினமும் அப்படித்தான் பார்ப்பார். அன்றைக்கு அவரைப் பார்க்க விடவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே கொண்டியில் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. காலடிகள் இறங்கிப் போயின.

முதலில் சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் திறப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கீழே ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டார்கள். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒரு குரல். பிறகு பாட்டு. தரை வழியாக அந்தச் சத்தம் என் தொடைவரைக்கும் ஏறியது. போஸ்டருக்குக் காய்ச்சுகிற மைதாப் பசையின் வாசனை படிக்கட்டு வழியே மேலே வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தேன். துருப்பிடித்த கொக்கி அசையவில்லை. கண்ணாடிக்கு வெளியே அவர்கள் கட்டிய கொடித்துணி தொங்கி, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் யார் வருவார்கள்? அவர்கள்தான் வருவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

தாகமாக இருந்தது. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் அடக்கினேனோ, கடைசியில் முடியவில்லை. பாவாடையோடு போய்விட்டது. பூட்டியதைவிட, இருட்டைவிட, யாராவது வந்து அதைப் பார்த்துவிடுவார்களே என்று பயந்தேன். மேசையில் கிடந்த நாளிதழ்த் தாள்களை எடுத்துவந்து ஈரத்தின் மேல் போட்டேன். நூலகர் சார் திட்டுவாரே என்று அழுதேன். இருட்ட இருட்ட அலமாரிகள் எல்லாம் கிட்டக் கிட்ட வருவதுபோல இருந்தது. ஜெபமாலைச் செபத்தை முணுமுணுத்தேன். நடுவில் மறந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அம்மா வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் நூலகத்தில் பூட்டு. சரி, பெண் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று வீட்டுக்கு ஓடினார். வீடும் பூட்டியிருந்தது. அங்கிருந்து நூலகர் சாரின் வீட்டுக்கு ஓடினார். அவர் சத்தியம் செய்தார். "நான் எல்லாரையும் எறக்கிட்டேன் டீச்சர். உங்க பொண்ணு படியில எறங்கிப் போனதை நான் பாத்தேன்." அவர் பார்த்தது என் பள்ளிச் சீருடை போட்ட வேறொரு பெண்ணை. பொய் சொல்லவில்லை. அவர் கண்ணும் அன்றைக்குப் பயந்துபோயிருந்தது.

அம்மாவுக்கு அவர் சொன்னது போதவில்லை. கட்டிடக்காரரிடம் போய், "ஒரு தடவை பூட்டைத் திறந்து காட்டுங்க" என்று கெஞ்சினார். அவர் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீங்களா? பூட்டைத் திறக்க வைக்கிறதுக்கு டீச்சர் ஒரு நாடகம் போடறாங்க. திறந்தா உள்ள போய் உக்காந்துக்குவாங்க, எழுந்திரிக்க மாட்டாங்க." ஆனாலும் மனதின் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அம்மாவைப் படியேற விடாமல் தடுத்துவிட்டு, ஓர் ஆளை மேலே அனுப்பினார். "தட்டிப் பாத்துட்டு வாடா."

அந்தத் தட்டல் எனக்குக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

"பாப்பா! பாப்பா, உள்ள கீறியா?"

அவன் குரல். சைக்கிள்காரன் குரல். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பாப்பா, அம்மா வந்துகீறாங்க. உள்ள இருந்தா கொரல் குடு."

அம்மா அனுப்பினார்கள் என்று சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது என்று அம்மாதான் சொல்லியிருந்தார். மூச்சை நிறுத்தினேன். அவன் கொஞ்ச நேரம் நின்றான். கதவில் காதை வைத்திருப்பான் போலிருக்கிறது. பிறகு இறங்கிப் போகிற சத்தம். பாட்டுக்கு மேல், "யாரும் இல்லண்ணே" என்று கத்தியது அந்தக் குரல்.

அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் ஒரு எழுத்து பிசகாமல் செய்தேன். அதனால்தான் அம்மா என்னைத் தேடிக் கடலுக்குப் போனார்.

யாரோ ஒரு சீருடைப் பெண் கடற்கரைப் பக்கம் போனதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அது போதும், தெருவே கடலுக்குத் திரும்பிவிட்டது. அப்பா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறார். சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடியே மணலில் ஓடினாராம். குப்பத்து ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள். அம்மா அலைக்குள் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்.

மீன்கார அக்கா சாவு வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்தார். படிக்கட்டுப் பக்கம் கட்சி ஆட்கள் இரண்டு பேரைத் தவிரத் தெருவில் ஆள் இல்லை, ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது. விஷயம் கேட்டதும் அவர் கடலுக்குப் போகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று பார்த்திருக்கிறார். கொடிகளையும் தோரணத்தையும் குவித்துப் போட்டிருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினார். என் செருப்பு ஒன்று கிடைத்தது. இன்னொன்றை யாரோ சாக்கடையில் தள்ளிவிட்டிருந்தார்கள், அது கடைசிவரை கிடைக்கவே இல்லை.

கதவின் அடியிலிருந்த இடைவெளி வழியாக அவர் குரல் தரையோடு தரையாக வந்தது.

"கண்ணு. நான் மீன்கார அக்கா. இட்க்குலதான் குந்திகினு கீற நீ?"

"அக்கா" என்றேன். குரலே வரவில்லை. திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை கத்தினேன்.

வெளியே என்ன நடந்தது என்பது காதால் மட்டும்தான் தெரியும். "கொயந்த உள்ள கீதுடா! தொறங்கடா!" என்று அக்கா படியிலிருந்து அலறினார். சாவி கட்டிடக்காரரிடம் இருக்கிறது என்றது ஒரு குரல். பூட்டில் கை வைத்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றது இன்னொன்று. "ஆவட்டும். இன்னா பண்ணிடுவ? தள்ளு." பாட்டு நின்றது. சைக்கிள் கடைச் சுத்தியல் பூட்டில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் கதவு அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் நான் பின்னால் நகர்ந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் உடைக்கிறார்கள் என்று தெரிந்தும் நகர்ந்தேன்.

கதவு திறந்ததும் அக்கா என்னைத் தூக்கிக்கொண்டார். என் ஈரப் பாவாடையை ஒன்றும் சொல்லவில்லை. தன் முந்தானையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்.

அம்மா வந்தார். மார்பு வரைக்கும் நனைந்து, புடவை முழுவதும் மணல் ஒட்டி, ஒரு பக்கக் கம்மல் இல்லாமல். படியில் நின்று என்னைப் பார்த்தார். தொடவில்லை. என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்படியே படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் புடவையிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனது. பின்னால் நின்ற அப்பா, அம்மாவின் தலைமேல் கை வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இப்படிப் பயந்தவளாக வளர்ந்திருக்கமாட்டேன். இரண்டு நாளில் தெரு முழுக்கத் துண்டுப் பிரசுரம். ஓர் ஆசிரியை அரசியல் லாபத்துக்காகத் தன் சொந்த மகளையே ஒளித்துவைத்து நாடகமாடினார் என்று அச்சடித்திருந்தது. சைக்கிள்காரன் தட்டினபோது நான் ஏன் குரல் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அதுதான் பதில் என்றார்கள். கேட்டவர்களும் யோசித்துப் பார்த்தார்கள். பிள்ளை பூட்டின அறைக்குள் இருந்தால் கத்தாமலா இருக்கும்? எதிர்வீட்டு மாமிகூட அம்மாவிடம், "நெஜமாவே குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேளா?" என்று கேட்டார். நல்ல மனுஷி அவர். வருத்தத்தோடுதான் கேட்டார்.

சொல்லிக் கொடுத்திருந்தது உண்மைதானே. அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பள்ளித் தாளாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். பூட்டை உடைத்ததற்கு மீன்கார அக்காவைக் காவல் நிலையத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அப்பா, "இனிமே இந்த வீட்ல நூலகம்ங்கற பேச்சே வரக் கூடாது" என்றார். அம்மா தலையாட்டினார். நான் பள்ளிக்குப் போகும்போது இரண்டு பக்கமும் இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கையும் ஜில்லென்று இருக்கும்.

சைக்கிள்காரனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனும் குப்பத்துப் பையன்தான். பல வருஷம் கழித்து மீன்கார அக்கா சொன்னார். "அன்னிக்கி மொத ஆளா கடல்ல எறங்கனவனே அவன்தான் கண்ணு. முங்கி முங்கித் தேடினான். கரைக்கு வந்து வாந்தி எட்த்தான். நம்மளாலதான் கொயந்த பூட்ச்சுன்னு தலையில அட்ச்சிகினான்." எனக்குக் கனவில் இன்றும் வருகிற முகம் அது. அந்த முகம் அழுதிருக்கிறது என்பதை என்னால் இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நூலகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பூட்டு உடைந்த செய்தி பெரிதாகிவிட்டதால் பணிமனையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாடி மட்டும் பூட்டியே கிடந்தது. தேர்தல் முடிந்து, மழைக்காலமும் முடிந்த பிறகு, குப்பத்தின் ஓரத்தில் ஒரு சமூகக் கூடத்தில் நூலகத்தைத் திறந்தார்கள். பாதிப் புத்தகங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் திறந்தது. அதன் பிறகு வேறு கட்டிடம், அதற்குப் பிறகுதான் இப்போது இடிக்கப்போவதாகச் சொல்கிற கட்டிடம். அது தானாகத் திறக்கவில்லை. அது எப்படித் திறந்தது என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் ஒரு காலை. மேள சத்தம் கேட்டது. வேட்பாளர் வீடு வீடாக வருகிறார். அப்பா கதவைச் சாத்தச் சொன்னார். அம்மா சாத்தப் போனார். போனவர், என்ன நினைத்தாரோ, கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அவர் பின்னால் குந்தி ஒளிந்து, புடவையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வேட்பாளர் கும்பிட்டபடி வந்தார். பக்கத்தில் கட்டிடக்காரர். பின்னால் கொடியைத் தூக்கிக்கொண்டு சைக்கிள்காரன். என்னைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க ஓட்டு நமக்குத்தாம்மா" என்றார் வேட்பாளர்.

"நூலகத்தை எப்பத் திறப்பீங்க?" என்றார் அம்மா.

மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கட்டிடக்காரர், "அண்ணே, இதுதான் அந்த நாடகக்கார டீச்சர்" என்றார். உள்ளேயிருந்து அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா நகரவில்லை. "நான் நாடகக்காரியாவே இருந்துட்டுப் போறேன். நூலகத்தை எப்பத் திறப்பீங்க?" என்று அதே குரலில், சத்தம் கூட்டாமல், திரும்பவும் கேட்டார்.

நான் அவர் பின்னால் முகத்தைப் புதைத்திருந்தேன். அப்போதுதான் உணர்ந்தேன். புடவைக்குள் அம்மாவின் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. லேசாக இல்லை. ஜுரத்தில் நடுங்குவதைப்போல, முழங்கால் என் நெற்றியில் வந்து இடிக்கிற அளவுக்கு. அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருந்தார், தெருவும் அப்படித்தான் நினைத்திருந்தது.

"பாக்கலாம்மா, செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டு வேட்பாளர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அது எதிர்வீட்டு மாமியின் வீடு. மாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தயங்கினார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"லைப்ரரியை எப்போ தொறக்கப் போறேள்?" என்றார், மிக மெல்லிய குரலில்.

அதற்கு அடுத்த வீட்டில் தபால்காரர் கேட்டார். அதற்கடுத்து, தன் மீன் கூடையை வழியில் இறக்கி வைத்துவிட்டு மீன்கார அக்கா கேட்டார். அவர் குரல் தெருக்கோடிவரை கேட்டது. "லைப்ரரி எப்ப தொறப்ப நைனா?" அதற்கு அப்பால் குப்பத்துக்குள் ஊர்வலம் திரும்பியது. அங்கேயும் யாரோ கேட்கிற சத்தம், அதற்கப்பால் இன்னொரு சத்தம். வார்த்தை புரியாத தூரம் போன பிறகும் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் நெற்றியில் அவர் முழங்கால் இடித்துக்கொண்டே இருந்தது.